ஈருடல் விமானமும் மலைநாட்டு வானும்



நுவரெலியா மாவட்டத்தின் கீழ்த்திசையில், இராகலைக்கும் அப்பால், தேயிலை மலைகள் படிப்படியாகத் தாழ்ந்து நெல்வயல் அடுக்குகளோடு கலக்கும் இடத்தில் அமைந்திருப்பது வலப்பனை. மேலே பிதுருதலாகலையைச் சூழ்ந்த மலைத்தொடர். கீழே மகாவலியை நாடி விரையும் ஓயாக்கள். வெயிற்காலத்தில் கண்ணுக்கு இனிய இந்த நிலம் பெருமழைக் காலத்தில் அச்சந்தருவதாகி விடுகின்றது. 2007ஆம் ஆண்டு சனவரியில் வலப்பனையிலும் அதன் அயலான ஹங்குராங்கெத்தையிலும் மலைச்சரிவுகள் மண்ணாகப் பெயர்ந்து மனைகளின்மேல் வீழ்ந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாடு முழுவதையும் உலுக்கிப் பாதைகளைத் துண்டித்தது. பாதை அற்றுப்போன அத்தகைய நாட்களில், லயத்து முற்றத்தில் நிற்பவரின் பார்வை தெருவை விட்டு வானத்தை நோக்கித் திரும்புவது இயல்பே.

வானத்திலிருந்து உதவி வருமாயின் அது பெரும்பாலும் படைத்துறை விமானங்களில்தான் வருகின்றது. போருக்கெனப் படைக்கப்பட்ட ஊர்தியே பேரிடரில் அரிசி மூட்டையையும் மருந்துப் பெட்டியையும் சுமக்கின்றது. ஆகவே, மிகுந்த பாரத்தைச் சுமந்து நெடுந்தூரம் செல்லத்தக்க படை விமானம் எத்தகைய வடிவுடையதாய் இருத்தல் வேண்டும் என்ற கேள்வி, விமானப் பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. அக்கேள்விக்கு அளிக்கப்பெற்ற விடைகளுள் மிகவும் விசித்திரமானது ஈருடல் விமானம். ஒரே இறக்கையின்கீழ் இரண்டு உடல்கள் அருகருகே இணைந்து பறப்பது அது. பார்ப்போர் கண்ணுக்கு, ஒட்டிப் பிறந்த இரட்டையரைப்போல் தோன்றும். அது நடைமுறைக்கு உகந்த வடிவந்தானா, அல்லது காகிதத்தில் மட்டும் அழகுபெறும் கற்பனையா என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலில், இரண்டு உடல்கள் எதற்கு? தோட்டத்திலே நீண்ட பலகையொன்றில் பாரமேற்றி எட்டுப்பேர் தோள்கொடுத்துத் தூக்குவதாக எண்ணுக. எண்மரும் பலகையின் நெடுகிலும் வரிசையாக நிற்கின்றனர். பாரம் முழுவதையும் பலகையின் நடுவில் வைத்தால் நடு தாழ்ந்து வளையும். பலகை முறிந்தாலும் முறியும். அதே பாரத்தை இரண்டாகப் பகுத்து, நடுவுக்கு இருபுறமும் தள்ளி வைத்தால் வளைவு குறையும். விமானத்தின் இறக்கையும் அத்தகையதே. காற்றின் தாங்குவிசை இறக்கை நெடுகிலும் பரந்து மேல்நோக்கித் தள்ளுகின்றது. உடலின் பாரமோ நடுவில் மட்டும் அழுத்துகின்றது. உடலை இரண்டாக்கிப் பிரித்து வைத்தால் இறக்கையின் வளைவு குறைகின்றது. அதனால் இறக்கையை இலேசாகவும் செய்யலாம், நீளமாகவும் செய்யலாம். நீண்ட இறக்கை நெடுந்தூரப் பறப்புக்கு உதவும். அன்றியும், இரு உடல்களுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் கிடைக்கின்றது. பெரிய பொருளொன்றை அவ்விடத்தில் தொங்கவிட்டுச் செல்லலாம்.

இந்தக் கருத்து கடலிலிருந்து வானுக்கு ஏறியதென்றே கூறலாம். இரண்டு உடல்களையுடைய படகை உலகம் இன்று தமிழ்ச்சொல்லால் அழைக்கின்றது. கட்டுமரம் என்ற நம் கரையோரச் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து அப்பொருளைப் பெற்றது. உண்மையிலே கட்டுமரம் ஈருடல் படகன்று. பல மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆயினும் அச்சொல் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கட்டுமரத்தின் உயிர் மரத்தில் இல்லை, கட்டில் இருக்கின்றது. கயிறு தளர்ந்தால் நல்ல மரமும் தனித்தனியே போய்விடும். ஈருடல் விமானத்தின் கதையும் அதுவே. இரு உடல்களையும் இணைக்கும் நடு இறக்கையே அதன் பலமும் பலவீனமும் ஆகும்.

இத்தகைய விமானங்களுள் முதலில் உலகப் புகழ் பெற்றது இத்தாலியின் எஸ். 55 என்னும் கடல் விமானம். 1920களிற் கட்டப்பட்ட அவ்விமானம் இரண்டு படகுடல்களின்மேல் மிதந்தது. விமானி அமர்ந்த இடம் இரு படகுகளுக்கும் நடுவே, தடித்த இறக்கைக்குள். அகலமாக அமைந்த இரு படகுகளும் அலைமீது அதனைச் சாயாமல் நிறுத்தின. 1933ஆம் ஆண்டில் இத்தாலோ பல்போ என்பவரின் தலைமையில் இவ்வகை விமானங்கள் இருபத்துநான்கு, அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடைந்தன. நீர்மேல் நிலைத்து நிற்க வேண்டும் என்ற தேவைக்கு ஈருடல் தகுந்த விடையாயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜேர்மனியருக்கு வேறொரு தேவை எழுந்தது. மெசர்ஸ்மிட் 321 என்ற, இயந்திரமற்ற மாபெரும் மிதவை விமானத்தை அவர்கள் செய்திருந்தனர். அதனை இழுத்து மேலேற்ற வல்ல விமானந்தான் இல்லை. மூன்று விமானங்களைக் கயிற்றினால் பிணைத்து ஒருங்கே இழுக்க முயன்றபோது விபத்துகள் நேர்ந்தன. ஆகவே, ஹைன்கல் 111 என்ற குண்டுவீச்சு விமானங்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் புதிய இறக்கைத் துண்டொன்றைச் சேர்த்து, அதில் ஐந்தாவது இயந்திரம் ஒன்றையும் பொருத்தினர். மூன்று விமானிகளுக்கிடையே சிதறிக்கிடந்த பொறுப்பு ஒரே விமானியின் கைக்கு வந்தது. அந்த அளவில் அது வெற்றியே. எனினும், கட்டப்பட்டவை ஒரு டசினை ஒட்டிய எண்ணிக்கையே. இழுக்க வேண்டிய மிதவை விமானம் வழக்கொழிந்ததும் இழுத்த விமானத்துக்கும் வேலையில்லாது போயிற்று.

ஈருடல் போர்விமானங்களுள் உண்மையாகவே படையில் நின்று பணிபுரிந்தது அமெரிக்காவின் எஃப்-82 இரட்டை மஸ்டாங். பசிபிக் சமுத்திரத்தின் தீவுகளிலிருந்து ஜப்பான்வரை செல்லும் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு வழித்துணை வேண்டியிருந்தது. பல மணி நேரம் ஒற்றை இருக்கையில் அடைபட்டுப் பறக்கும் விமானி களைத்துப் போவான். ஆகையால் மஸ்டாங் விமானத்தின் உடலை நீட்டி, இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விமானியை அமர்த்தினர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இளைப்பாறலாம்.

இவ்விமானத்தின் முதற் சோதனை ஒரு பாடமாக அமைந்தது. 1945ஆம் ஆண்டில் ஓடுபாதையில் எவ்வளவு விரைந்தோடியும் அது தரையை விட்டு எழ மறுத்தது. ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. இரண்டு சுழல்விசிறிகளும் நடு இறக்கையின் பக்கத்தில் மேல்நோக்கிச் சுழலுமாறு பொருத்தப்பட்டிருந்தன. அவை எழுப்பிய காற்றோட்டம் நடு இறக்கையின் தாங்குவிசையைக் கெடுத்துவிட்டது. இயந்திரங்களை இடமும் வலமுமாக மாற்றிப் பொருத்தியதும் விமானம் எளிதாக எழுந்தது. தனித்தனியே குறைவின்றிப் பறந்தவற்றை இணைக்கும்போது, இணைப்பிலே புதிய இடர் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

குறை நீங்கியபின் அதன் வலிமை வெளிப்பட்டது. 1947 பெப்ரவரியில் இவ்வகை விமானமொன்று ஹவாய்த் தீவிலிருந்து நியூயோர்க் நகரம்வரை, இடையில் எரிபொருள் பெறாமலே, 8,100 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை 14 மணி 32 நிமிடத்திற் கடந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, ஜப்பானிலிருந்து சென்று கொரிய வானில் நெடுநேரம் நின்று காவல்புரிய அன்றைய ஜெட் விமானங்களின் எரிபொருள் போதவில்லை. இரட்டை மஸ்டாங்குகள் அப்பணியை ஏற்றன. ஆயினும் அதன் காலம் குறுகியது. ஜெட் விமானங்கள் மேம்பட்டன. பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் முறையும் பரவியது. சில ஆண்டுகளில் இரட்டை மஸ்டாங் படையிலிருந்து விடைபெற்றது.

இவ்வடிவத்துக்குக் கொடுக்கவேண்டிய விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு உடல்களைக் காற்று தழுவுவதால் காற்றுத்தடை மிகுகின்றது. பாரம் நடுவை விட்டு விலகியிருப்பதால் பக்கவாட்டிற் புரண்டு திரும்புவது தாமதமாகின்றது. போர்விமானத்துக்கு அது பெருங்குறை. விமானி நடுவில் இராமல் ஒரு பக்கத்தில் இருப்பதால், விமானம் சாயும்போது அவர் ஊஞ்சலின் ஓரத்திலிருப்பவரைப்போல் மேலுங் கீழும் எடுத்துச் செல்லப்படுகின்றார். ஓர் உடலின் மூக்கு மேலெழ மற்றதன் மூக்குத் தாழுமாயின், நடு இறக்கை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கப்படுகின்றது. சரக்கேற்றுவதிலும் தொல்லை உண்டு. இரண்டு சிறு அறைகள் ஒரு பெரிய அறைக்கு ஈடாவதில்லை. ஒரு லொறியை இரண்டாக வெட்டி ஏற்ற முடியாது. ஓர் அறையில் உள்ள பாரத்தை இறக்கினால் மற்றதும் உடனே இறக்கப்படல் வேண்டும்; இல்லையேல் விமானம் ஒருபக்கம் சாயும்.

ஈருடல் விமானத்துக்கு நெருங்கிய உறவினம் ஒன்றுண்டு. அதன் உடல் ஒன்றே. வாலைத் தாங்கும் தண்டுகள் மட்டும் இரண்டு. இவ்வினமே உலகிற் பரவலாகப் பயன்பட்டது. பாரத நாட்டு விமானப்படையில் அதன் பயனையும் எல்லையையும் ஒருங்கே காணலாம்.

1948 நவம்பரில் பாரத நாடு பெற்ற முதல் ஜெட் போர்விமானமாகிய வம்பயர் இவ்வடிவினது. தொடக்ககால ஜெட் இயந்திரங்களின் உந்துவிசை குறைவு. நீண்ட உடலின் கடைசிவரை குழாய்வழியே புகையைச் செலுத்தினால் அவ்விசை மேலும் வீணாகும். ஆகவே உடலைக் குட்டையாக்கி, வாலை இரு தண்டுகளில் தாங்கினர். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலும் வம்பயர்கள் கட்டப்பட்டன. ஜெட் இயந்திரம் வலிமை பெற்றபின் குழாயின் நீளம் ஒரு பொருட்டாகவில்லை. இரட்டைத்தண்டுக்கும் தேவையில்லாது போயிற்று. எனினும் பழைய விமானம் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. 1965 செப்டம்பர் 1ஆம் நாள் சம்ப் பகுதியில் நான்கு வம்பயர்கள் வீழ்ந்தன, விமானிகள் மூவர் உயிர்நீத்தனர். உடனே அவ்வகை முன்னணிப் போரிலிருந்து விலக்கப்பட்டது. தேவை கழிந்தபின்னும் வடிவத்தைப் பற்றி நிற்போர் கொடுக்கும் விலை எத்தகையது என்பதை அந்த ஒருநாள் காட்டிற்று.

மலைநாட்டாருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சி-119 என்னும் பாக்கெட் விமானம். ‘பறக்கும் பெட்டிவண்டி’ என்று பெயர் பெற்ற இதன் உடல் பெரிய பெட்டியே. வாலை இரு தண்டுகள் தாங்கியதால் பெட்டியின் பின்புறம் தடையின்றிக் கதவாயிற்று. லொறியைப் பின்னோக்கிச் செலுத்தி நேரே விமானத்தின் வாயிலில் நிறுத்திச் சரக்கை ஏற்றலாம். 1950களில் பாரத விமானப்படையிற் சேர்ந்த இவை, சாலையில்லாத லடாக் மலைகளில் காவல்நின்ற வீரருக்கு உணவும் உடையும் கொண்டு சென்றன. மெல்லிய காற்றில் இரு இயந்திரங்களும் திணறியமையால், விமானத்தின் முதுகில் சிறிய ஜெட் இயந்திரம் ஒன்றும் ஏற்றப்பட்டது. 1962 ஜூலை 23ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் சி. கே. எஸ். ராஜே செலுத்திய பாக்கெட் விமானம் தௌலத் பேக் ஓல்டி என்ற இடத்தில் இறங்கிற்று. அவ்விடத்தின் உயரம் 5,000 மீற்றருக்கும் மேல். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை நினைத்தால், அச்செயலின் அருமை புலப்படும்.

ஆனால் பாக்கெட் விமானத்தின் பெரிய கதவுக்கும் ஒரு குறையுண்டு. பறக்கும்போது அதனைத் திறக்க இயலாது. பெரும் பாரத்தைப் பாரசூட்டில் இறக்க வேண்டின், புறப்படுமுன்பே கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வாய் திறந்தபடியே பறத்தல் வேண்டும். பனிமலைக் காற்றில் அது எத்தகைய பயணமாயிருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இதற்கிடையில், 1954 ஆகஸ்டில் அமெரிக்காவில் சி-130 என்ற விமானம் முதன்முறையாகப் பறந்தது. அதன் உடல் ஒன்றே, வாலும் ஒன்றே. உடலின் பின்பகுதியை மேல்நோக்கி வளைத்து, அதன் அடியிற் சாய்தளமாகத் திறக்கும் கதவை அமைத்திருந்தனர். வானிலே பறக்கும்போதே அக்கதவு திறக்கும். இரண்டு தண்டுகள் எதற்காக வந்தனவோ, அத்தேவையை வளைந்த ஒற்றை வால் இன்னும் செம்மையாக நிறைவேற்றிற்று. நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்த தௌலத் பேக் ஓல்டி ஓடுபாதையில் 2008இல் அன்டனோவ் 32 விமானமும், 2013இல் சி-130 இனத்தின் புதிய விமானமும் இறங்கின. இரண்டும் ஒற்றையுடலும் மேல்வளைந்த வாலும் உடையவை. பாக்கெட் காட்டிய வழியில் வேறு வடிவங்கள் சென்றன.

அப்படியானால் இரட்டை வடிவம் முற்றாக மறைந்ததா? இல்லை. இலங்கை வான்படை 1970களிற் பயன்படுத்திய செஸ்னா ஸ்கைமாஸ்டர் என்னும் சிறு விமானம் இரட்டைத்தண்டு உடையது. முன்னே ஓர் இயந்திரம் இழுக்க, பின்னே ஓர் இயந்திரம் தள்ளும். இரண்டும் நடுக்கோட்டிலே அமைந்திருப்பதால், ஒன்று நின்றாலும் விமானம் பக்கத்திற்கு இழுபடாது. 1990களிலிருந்து அப்படை கையாண்ட ஆளில்லா வேவு விமானங்களிலும் அதே வடிவம். சுழல்விசிறியைப் பின்னே வைத்து முன்பகுதியைக் கமராவுக்கு விடுவதற்காக, வாலை இரு தண்டுகளில் ஏற்றினர். போர்க்காலத்தில் வடபகுதி மக்கள் அதன் இரைச்சலைக் கேட்டு ‘வண்டு’ என்று அழைத்தனர். வண்டு வந்து சுற்றினால் பின்னே என்ன வரும் என்று அஞ்சி வாழ்ந்தவருக்கு, வடிவத்தின் நுட்பம் வியப்பைத் தந்திராது.

உண்மையான ஈருடலும் மீண்டும் தோன்றியுள்ளது. 2019 ஏப்ரல் 13ஆம் நாள் அமெரிக்காவின் மொஹாவி பாலைநிலத்திலிருந்து ஸ்ட்ரட்டோலோஞ்ச் நிறுவனத்தின் விமானம் எழுந்தது. அதன் இறக்கையின் நீளம் ஏறத்தாழ 117 மீற்றர்; இயந்திரங்கள் ஆறு; உடல்கள் இரண்டு. இரு உடல்களுக்கும் நடுவே, ஒலியைப்போற் பன்மடங்கு விரைந்து செல்லும் சோதனை ஊர்தியைத் தொங்கவிட்டு வானில் ஏவுவதே அதன் இன்றைய பணி. அகன்ற, நீண்ட ஓடுபாதை இன்றி அதனால் இயங்க முடியாது. ஆனால் நடுவிலே பெரும்பொருளைத் தொங்கவிட வேண்டும் என்ற தேவைக்கு அதைவிட ஏற்ற வடிவம் அரிது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. நடைமுறைக்கு உகந்தது, உகவாதது என்பது வடிவத்தின் இயல்பன்று, தேவையின் இயல்பு. நீரில் நிலைக்க, மிதவையை இழுக்க, விமானியின் களைப்பைத் தீர்க்க, பின்கதவைத் திறக்க என்று ஒவ்வொரு தேவைக்கும் இரட்டை வடிவம் ஒரு காலத்தில் விடையளித்தது. எளிய விடை கிடைத்த அன்றே அது ஒதுங்கிக்கொண்டது. ஒதுங்காமல் நிறுத்தி வைக்கப்பட்ட இடத்தில் உயிர்கள் பலியாயின.

வலப்பனையின் தேவை என்ன? அங்கே ஓடுபாதை இல்லை. பள்ளத்தாக்குகள் குறுகியவை, மழைநாளில் முகில் மலையை மூடிவிடும். 1974 டிசம்பர் 4ஆம் நாள் நோர்ட்டன்பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் பயணிகள் விமானம் மோதி 191 பேர் மாண்டதை மலைநாடு மறக்கவில்லை. பெரிய விமானம் இங்கே தாழ்ந்து வருதல் ஆகாது. கட்டுநாயக்காவரை பெரிய விமானத்திற் பொருள் வரலாம். அங்கிருந்து மலைக்கு ஹெலிகொப்டர் கொண்டுவரலாம். ஹெலிகொப்டருக்கு வேண்டுவது சமதரையான சிறு திடல் ஒன்றே. தோட்டத்துப் பாடசாலையின் விளையாட்டுத்திடல் மழையிற் கரையாமலும், மின்கம்பி குறுக்கிடாமலும் பேணப்பட்டால், அதுவே அந்த ஊரின் விமான நிலையம்.

வானத்தில் எத்தனை உடல்கள் இணைந்து பறந்தாலும், இறுதியில் பாரம் ஒரு மனிதனின் கைக்கு வந்துசேர வேண்டும். அந்தக் கைக்கும் வானுக்கும் இடையிலுள்ள கட்டு உறுதியாக இருக்கின்றதா என்பதே, மண்சரிவின் விளிம்பில் வாழும் மக்கள் கேட்கத்தக்க கேள்வி. கட்டுமரம் கட்டியவர்கள் மரத்தைத் தெரிந்தெடுத்ததோடு நின்றுவிடவில்லை. கடலிற் தள்ளுமுன் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார்கள். அந்தக் கவனம் கடலுக்கு மட்டுமன்றி மலைக்கும் வேண்டியதாகும்.